வாழ்க்கையின் பொருளைப் பற்றிக் கட்டுரை எழுதுவது எப்படி? புதிதாக எழுத வருவோருக்கு

வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று தாளின் மேலே எழுதிவிட்டு உட்காரும் பலர் இரண்டாம் பத்தியோடு நின்றுவிடுகிறார்கள். கேள்வி பெரியது என்பதால் பதிலுக்கும் பெரிய சொற்களையே தேடுகிறோம். அன்பு, தியாகம், தேடல், நிறைவு என்று வரிசையாக வருகின்றன. எழுதியதைத் திரும்பப் படித்தால், இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே என்று நமக்கே தோன்றுகிறது.

இந்த வகைக் கட்டுரைக்கு இரண்டு வேலைகள் உண்டு. உங்கள் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைக் கொண்டே வாசகரை ஒரு கருத்துக்கு இணங்கவும் வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதற்கு நான் நம்பும் அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் எவ்வளவு பட்டிருக்கிறீர்களோ அவ்வளவு தூரம்தான் உங்கள் வாதம் போகலாம். பட்டதைவிடப் பெரிதாகப் பேசினால் வாசகர் உடனே கண்டுகொள்வார். பட்ட அளவுக்குப் பேசினால் உடன்படாதவர்கூடக் கடைசி வரி வரை கூட வருவார். இனி வரும் படிகள் எல்லாம் அந்த அளவைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள்

‘வாழ்க்கையின் பொருள்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் வேறுவேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. பிராங்க் மார்ட்டெலா, மைக்கேல் ஸ்டெகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். நமக்கு நடப்பவற்றில் ஒரு தொடர்ச்சி தெரிவது, அதாவது வாழ்க்கை புரிவது, ஒன்று. எதை நோக்கிப் போகிறோம் என்பது தெரிந்திருப்பது இன்னொன்று. இந்த வாழ்க்கை வாழத் தகுந்தது, மதிப்புள்ளது என்று உணர்வது மூன்றாவது.

இவை மூன்றும் சேர்ந்தே வர வேண்டும் என்பதில்லை. டால்ஸ்டாய் ஐம்பது வயதை நெருங்கியபோது பெரும் புகழும் நிலமும் குடும்பமும் அவரிடம் இருந்தன. செய்ய வேலைக்கும் குறைவில்லை. ஆனாலும் ‘இதெல்லாம் எதற்காக?’ என்ற கேள்வி அவரை உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு உலுக்கியது. போக வேண்டிய திசை கண்ணெதிரே இருக்கும்போதே, போவது தகுமா என்ற நம்பிக்கை போய்விட்டது.

ஆகவே எழுதத் தொடங்குமுன், உங்கள் கட்டுரை இந்த மூன்றில் எதைப் பற்றியது என்று முடிவு செய்யுங்கள். வேலை போன பிறகு திசை தெரியாமல் நின்றதைப் பற்றியா? நெருங்கிய ஒருவர் இறந்தபின் எதுவும் புரியாமல் போனதைப் பற்றியா? எல்லாம் சரியாக இருந்தும் எதிலும் மனம் ஒட்டாமல் போனதைப் பற்றியா? ஒன்றைத் தேர்ந்தால் கட்டுரைக்கு எல்லை கிடைக்கும்.

‘எனக்கே இன்னும் விடை தெரியவில்லை, நான் எப்படி எழுதுவது?’ என்று தயங்குபவர்கள் உண்டு. பொருள் இருக்கிறது என்று உணர்வதையும் பொருளைத் தேடிக்கொண்டிருப்பதையும் தனித்தனியாக அளக்கும் வினாப்பட்டியல் ஒன்றை ஸ்டெகரும் உடன் ஆய்ந்தவர்களும் 2006இல் வெளியிட்டார்கள். இரண்டும் வெவ்வேறு நிலைகள். தேடும் நிலையிலிருந்தும் எழுதலாம். அப்படி எழுதுபவர் இதுவரை எதை நம்பிப் பார்த்தார், அது ஏன் போதவில்லை என்று சொல்லட்டும். கிடைக்காத விடையைக் கிடைத்ததுபோல் எழுத வேண்டியதில்லை.

அடுத்து, யாருக்கும் காட்டாத பக்கங்கள்

கட்டுரையை நேராகத் தொடங்காதீர்கள். சில நாட்கள் உங்களுக்காக மட்டும் எழுதுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், மனத்தை வெகுவாகப் பாதித்த நிகழ்வுகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு கூடுதலாக மனம் வாடியிருந்தார்கள். ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடிப் போவது குறைந்தது. பின்னாளில் பென்னிபேக்கர் குழுவினர் இப்படி எழுதப்பட்டவற்றின் சொற்களையே எண்ணிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. நாள் போகப் போக ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘புரிந்தது’ போன்ற சொற்கள் யார் எழுத்தில் கூடினவோ அவர்களே கூடுதல் பயன் பெற்றிருந்தார்கள்.

கட்டுரை எழுதுபவருக்கு இதில் ஒரு வழி கிடைக்கிறது. முதல் நாள் எழுத்தில் நடந்தது மட்டும் இருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் காரணங்கள் தலைகாட்டும். அந்தக் காரணங்கள்தான் உங்கள் வாதத்தின் விதை. அவற்றின் கீழே கோடிட்டு வையுங்கள்.

எதைப் பற்றி எழுதுவது என்று திகைப்பவர்கள், தாங்கள் எதை நம்புகிறோம் என்று கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டு எதற்கு நேரம் கொடுத்தோம் என்று கேட்கலாம். யாரும் பார்க்காதபோதும் தொடர்ந்து செய்தது எது? கிடைத்தும் வேண்டாம் என்று விட்டது எது? எதை இழந்தபோது நாட்களின் வடிவமே மாறிப்போனது? நம்பிக்கைகளைப் பற்றி நாம் அனைவரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பேசுகிறோம். நேரம் போன வழியோ ஆளுக்கு ஆள் வேறு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுத எழுத மனம் இருண்டுகொண்டே போனால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால், பேனாவை வைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ உடனே பேசுங்கள். கட்டுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

எடுத்துக்காட்டுக்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மறதி நோய் முற்றிய தந்தையைச் சில ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஒரு மகள். அந்த நாட்களைப் பற்றி எழுத நினைக்கிறார். முதலில் எழுதும் வாக்கியம் இப்படி வருகிறது: ‘அன்புதான் வாழ்க்கையின் பொருள்.’

இதை மறுத்துப் பேச யாரும் வரமாட்டார்கள். மறுக்க ஆளில்லாத இடத்தில் இணங்க வைப்பதற்கும் வேலையில்லை. தவிர, இந்த வாக்கியம் எல்லா மனிதருக்கும் எல்லாக் காலத்துக்கும் தீர்ப்புச் சொல்கிறது. அவர் அறிந்ததோ ஒரு வீடு, ஒரு நோயாளி.

அளவைக் குறைத்து மறுபடி எழுதுகிறார்: ‘தன்னை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்றே தெரியாத ஒருவருக்குச் செய்யும் பணிவிடையிலும், செய்பவருக்குப் பொருள் கிடைக்க முடியும், நன்றி அதற்கு நிபந்தனை இல்லை.’ இதை ஒருவர் மறுக்கலாம். நன்றியே இல்லாத உழைப்பு மனிதரைத் தேய்த்துவிடும் என்று வாதாடலாம். அப்படியானால் இந்த வாக்கியத்தில் உயிர் இருக்கிறது. ‘கிடைக்கும்’ என்று அடித்துச் சொல்லாமல் ‘கிடைக்க முடியும்’ என்று நிறுத்தியிருப்பதையும் பாருங்கள். அவருடைய அனுபவம் தாங்கும் அளவு அதுதான்.

இந்த வாக்கியம் கட்டுரையில் இதே வடிவில் இடம்பெற வேண்டியதில்லை. உங்கள் மேசையில் இருந்தால் போதும். ஒவ்வொரு பத்தியையும் எழுதி முடித்து, இது அந்த வாக்கியத்துக்கு என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

மறுப்பவருக்கு நல்ல இடம் கொடுங்கள்

கேட்பவரை இணங்க வைக்கும் வழிகளை அரிஸ்டாட்டில் மூன்றாக வகுத்தார்: பேசுபவரின் நடத்தை மேல் எழும் நம்பிக்கை, கேட்பவரின் உள்ளத்தில் எழும் உணர்ச்சி, சொல்லப்படும் காரணம். சொந்த அனுபவக் கட்டுரையில் உணர்ச்சி தானாகவே வந்துவிடுகிறது. காரணத்தை ஓரளவு யோசித்து எழுதிவிடலாம். முதலாவதுதான் கடினம், தனக்கு எதிரான கேள்வியை நேர்மையாக எடுத்து வைப்பவர் மேல்தான் அந்த நம்பிக்கை பிறக்கிறது.

நம் மகளுக்கு வரக்கூடிய மறுப்புகளில் இரண்டு வலுவானவை. ‘உனக்கு வேறு வழி இருக்கவில்லை. வேறு வழியில்லாமல் செய்ததற்குப் பிறகு பொருள் என்று பெயர் வைக்கிறாய்’ என்பது ஒன்று. மற்றது இன்னும் கூர்மையானது: ‘இப்படி எழுதி எழுதித்தான் வீட்டில் ஒருவர் தலையிலேயே, பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையிலேயே, முழுப் பாரமும் ஏற்றப்படுகிறது.’

இவற்றைக் கண்டும் காணாததுபோல் போகிற கட்டுரையை நான் நம்பமாட்டேன். அவர் என்ன செய்யலாம்? முதல் மறுப்பில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ளலாம்: ஆம், தொடக்கத்தில் வேறு வழி இருக்கவில்லை, ஆனால் பின்னால் உதவிக்கு ஆள் கிடைத்தபோதும் காலை வேலையை மட்டும் கைவிடாமல் வைத்துக்கொண்டேன், ஏன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அப்படி ஒரு செய்தி உண்மையிலேயே அவரிடம் இருந்தால், அதுவே கட்டுரையின் மிக வலுவான சான்று. இல்லாவிட்டால் வாதத்தை இன்னும் சுருக்க வேண்டும். இரண்டாவது மறுப்புக்கு முழுதாகவே இடம் கொடுக்கலாம்: எனக்குப் பொருள் கிடைத்தது என்பதால் அந்தப் பாரத்தைப் பங்கிடாமல் விட்டது நியாயமாகிவிடாது. இப்படி எழுதுவதால் வாதம் தோற்பதில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லைதான் துலங்குகிறது.

பழகுவதற்கு ஒரு வழி: மறுப்பவரின் குரலில் அரைப் பக்கம் எழுதுங்கள். அவர் படித்தால் ‘இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன்’ என்று தலையசைக்க வேண்டும். கேலிக்குரியவராக அவரைக் காட்டினீர்கள் என்றால், அதே கருத்துள்ள வாசகர் அங்கேயே உங்களை விட்டு விலகிவிடுவார்.

காட்சி

கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிதானமாக எழுத வேண்டிய இடமும் இதுவே. அந்த மகளின் முதல் வரைவில் இப்படி இருக்கிறது என்று கொள்வோம்:

‘அப்பாவைப் பார்த்துக்கொண்ட நாட்கள் மிகவும் கடினமானவை. பல இரவுகள் அழுதிருக்கிறேன். ஆனால் அந்த நாட்கள்தான் எனக்கு அன்பின் உண்மையான பொருளைக் கற்றுத்தந்தன.’

பொய்யாக எதுவும் இல்லை. ஆனால் அப்பாவைக் காணோம். மறுவரைவு:

‘சவரம் செய்யும்போது மட்டும் அப்பா அமைதியாக இருப்பார். நான் யாரென்று தெரியாத நாட்களிலும் கன்னத்தை ஒரு பக்கம் திருப்பிக் கொடுப்பார். அது முடிந்ததும் தானாகவே மறுபக்கம் திருப்புவார். ஒருநாள் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டதும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, “எவ்வளவு ஆச்சு?” என்றார். சலூனில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிட்டார். “இருக்கட்டும் ஐயா, அடுத்த தடவை சேர்த்துக் கொடுங்க” என்றேன். சரி என்று எழுந்துபோனார்.’

‘அன்பு’ என்ற சொல்லே இதில் இல்லை. ‘கடினம்’ என்பதும் இல்லை. மகளை ‘ஐயா’ என்று பேச வைத்த சூழ்நிலை மட்டும் இருக்கிறது. அதுவே போதும்.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் அதன் காரணத்தைக் காட்டுவது தமிழுக்கு மிகப் பழைய பாடம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்வதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகக் களன்களையும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கு. பிறரால் இகழப்படுவதும், இழப்பதும், முன்பிருந்த நிலை குலைந்து வருந்துவதும், இல்லாமையும் ஒன்றல்ல. துக்கத்தைப் பற்றி எழுத உட்காரும்போது இந்த நான்கையும் ஒரு சோதனையாக வைத்துப் பாருங்கள். உங்கள் துக்கம் இதில் எது? நம் மகளுடையது இழவு என்று முதலில் தோன்றும். தந்தை அப்போது உயிரோடு இருந்தார் என்பதால் அது அசைவுக்குத்தான் நெருக்கம்: மகளாக இருந்த நிலை குலைந்து, முகம் தெரியாத யாரோ ஒருவராக நிற்கும் துயரம். அது பிடிபட்டதும், எழுத வேண்டிய காட்சி எது என்பதும் பிடிபட்டுவிடும்.

பெருமிதத்துக்கும் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என நான்கு உண்டு. பொருள் கண்டதாக எழுதும் கட்டுரைகளில் சோகத்தை விரித்துவிட்டு மகிழ்ச்சியை ஒரே வரியில் முடிப்பது வழக்கமாக இருக்கிறது. நிறைவும் துயரம் அளவுக்கே நுணுக்கமானது. கற்றதால் வந்த நிறைவா, அஞ்சாமல் நின்றதால் வந்ததா, கொடுத்ததால் வந்ததா என்று பிரித்துப் பார்த்து, அதற்கும் ஒரு காட்சி எழுதுங்கள்.

காட்சியிலிருந்து கருத்துக்கு

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். காட்சி முடிந்ததும் ‘அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான புரிதல் அப்படி ஒரு நொடியில் வருவதில்லை. வாசகருக்கும் அது தெரியும். அன்று உங்களுக்கு என்ன தெரிந்தது, இன்று எழுதும்போது என்ன தெரிகிறது என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ‘அன்று எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். அவர் இறந்து வெகு நாட்கள் கழித்துத்தான், அந்தப் பதிலை நான் எவ்வளவு இயல்பாகச் சொன்னேன் என்று வியந்தேன்.’ இந்த இரண்டு காலங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில்தான் வாதம் வளர இடம் இருக்கிறது.

காட்சி தானே சொல்லிவிட்டதை விளக்கவும் வேண்டாம். காட்சியால் சொல்ல முடியாததை மட்டும் சொல்லுங்கள். இந்தச் சவரக் காட்சி கனிவைக் காட்டிவிட்டது. ஆனால் நன்றியை எதிர்பார்க்காத நிலைக்கு அவர் எப்படி வந்தார் என்பது அதில் இல்லை. விளக்கப் பத்தி அதை எடுத்துக்கொள்ளட்டும். எதிர்பார்த்துக் கசந்த நாட்கள் இருந்திருந்தால் அவற்றையும் மறைக்காமல் சொல்லட்டும்.

பெரியவர்களின் கருத்தை எடுத்தாளும்போது

வாழ்க்கையின் பொருள் என்றதும் விக்டர் பிராங்கலின் பெயர் வந்துவிடும். வியன்னாவில் 1905இல் பிறந்த மனநல மருத்துவர். நாஜி வதைமுகாம்களில் பெற்றோர், அண்ணன், மனைவி எனப் பலரை இழந்து உயிர் பிழைத்தவர். அந்த அனுபவத்தை எழுதி 1946இல் வெளியிட்டார். பொருள் மூன்று வழிகளில் கிடைக்கலாம் என்பது அவர் கருத்து: ஒன்றைச் செய்வதிலும் படைப்பதிலும், ஒன்றை அனுபவிப்பதிலும் ஒருவரை நேசிப்பதிலும், தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் மனநிலையில்.

‘தவிர்க்க முடியாத’ என்ற அடைமொழியை விட்டுவிட்டு அவரை மேற்கோள் காட்டுபவர்கள் ஏராளம். பொருள் காணத் துன்பம் கட்டாயம் என்று அவர் சொல்லவில்லை. தவிர்க்கக் கூடிய துன்பமென்றால் அதன் காரணத்தை நீக்குவதே பொருளுள்ள செயல் என்றுதான் வற்புறுத்தினார். நம் மகளின் கட்டுரைக்கு அவர் உண்மையில் பயன்படும் இடம் இதுதான்: தந்தையின் நோய் தவிர்க்க முடியாதது, பாரம் ஒருவர் மேலேயே விழுந்தது தவிர்க்கக் கூடியது. பாரத்தைப் பற்றிய மறுப்புக்கு விடை சொல்ல இந்தப் பாகுபாடு கை கொடுக்கிறது. அப்படி வேலை செய்தால் மட்டும் பெரியவர்களை அழையுங்கள். அழகுக்காக ஒட்டிய மேற்கோள் உங்கள் குரலை அமுக்கிவிடும். ஒரு கட்டுரைக்கு ஒருவரே போதும் என்பேன். அவரையும் நடுவிலோ பின்பாதியிலோ வையுங்கள். முதல் வரி உங்களுடையதாக இருக்கட்டும்.

மற்றவர்களின் கதையும் கலந்திருக்கிறது

உங்கள் வாழ்க்கையை எழுதும்போது பிறர் வாழ்க்கையும் வெளியே வருகிறது. உயிரோடு இருப்பவரிடம் எழுதியதைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். நோயுற்றவர், இறந்தவர், குழந்தை என்றால் அவரால் மறுக்க முடியாது; ஆகவே அவருக்காக நீங்களே கண்டிப்பாக இருக்க வேண்டும். வாதத்துக்குத் தேவைப்படாத எந்த அவமானமும் கட்டுரையில் வேண்டாம். சவரத்தைப் பற்றி எழுதிய மகள் மற்றப் பணிவிடைகளை எழுதாமல் விட்டது சரியான முடிவு.

திருத்தம்

பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் தம் கட்டுரைகளை 1580இல் வெளியிட்டார். 1588இல் விரிவாக்கி மறுபடி பதிப்பித்தார். அதன்பின்னும் 1592இல் இறக்கும்வரை அச்சான தம் பிரதியின் ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். தம்மைப் பற்றி எழுதும் வழியைத் திறந்துவிட்ட அவருக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது. முதல் வரைவைச் சில நாட்கள் மூடி வைக்கத் தயங்காதீர்கள்.

திறந்ததும் வாய்விட்டுப் படியுங்கள். குரல் தானாக உயர்ந்து மேடைப் பேச்சாகும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டதைவிடப் பெரிதாகப் பேசுவது பெரும்பாலும் அங்கேதான். ‘நாம் அனைவரும்’, ‘எப்போதும்’, ‘ஒவ்வொரு மனிதரும்’ என்று வரும் வாக்கியங்களை ‘நான்’, ‘அன்று’, ‘அந்த வீட்டில்’ என்று மாற்றிப் பாருங்கள். மாற்றியும் வாக்கியம் நின்றால் அதுதான் சரியான அளவு. வாழ்க்கைப் பயணம், இருளில் ஒளி, காலம் தந்த பாடம் போன்ற தேய்ந்த தொடர்களை எடுத்துவிடுங்கள். முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பல வரைவுகளில் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது. கடைசிப் பத்தியில் வாசகருக்கு அறிவுரை சொல்லியிருந்தால் அதையும் நீக்குங்கள்.

பிறகு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் உங்களை அறிந்தவர். நடந்ததைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் அவர் சொல்வார். மற்றவர் உங்கள் கருத்தோடு உடன்படாதவர். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று அவரிடம் கேட்க வேண்டாம். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நம்ப முடியவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்லும் வாக்கியத்தை உங்கள் மேசையில் உள்ள வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் விலகியிருந்தால், காட்சியைத் தொடாமல், அதற்கு அடுத்து வரும் விளக்கப் பத்தியை முதலில் திருத்துங்கள்.